உட்காராத மெமரி

இந்தத் தடவையும் உட்காரக் கூடாது, கடவுளே.

திரிபுரசுந்தரி இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே டார்ச்சை ஆடாமல் பிடித்திருந்தாள். பக்கத்துத் தகடு கழற்றிய கம்ப்யூட்டர் முன்னால் அவள் கணவர் ராஜகோபாலன் சப்பணமிட்டு உட்கார்ந்து, சாண் நீளம்கூட இல்லாத மெமரிப் பட்டையை உள்ளே செருகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டையில வெட்டு இங்க இருக்கு, போர்டுல மேடு அங்க இருக்கு. இது டிடிஆர் டூ. நம்மது வெறும் டிடிஆர்," என்றார் கடைசியில்.

அவளுக்கு மூச்சு வந்தது. முகத்தை மட்டும் ஏமாந்தவள்போல வைத்துக்கொண்டாள்.

ஏற்பாடு முழுவதும் ஊரப்பாக்கத்து நாத்தனார் பேபியுடையது. பேபியின் மருமகன், அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதை டைப் அடித்துக் கொடுக்கும் கம்பெனி வைத்திருந்தான். கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்ததும் திரிபுரசுந்தரி கிண்டி ஆபீசை விட்டுவிட்டு, ராஜகீழ்ப்பாக்கம் வீட்டிலிருந்தே அந்த வேலையைச் செய்யலாம். பாவம், எத்தனை வருஷம்தான் ரயிலில் இடிபடுவாள் என்று பேபி உருகியபோது, அவளால் மறுக்க முடியவில்லை.

அந்த ரயில்தான் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? தாம்பரத்தில் புறப்படும் வண்டி என்பதால் ஜன்னலோரம் கிடைத்துவிடும். பக்கத்தில் ஒருத்தி பூத் தொடுப்பாள். எதிரில் ஒருத்தி பீன்ஸ் நறுக்குவாள். கிண்டி வரும்வரை திரிபுரசுந்தரி யாருக்கும் எதுவும் இல்லை. யாரும் அவளைக் காபி கேட்க மாட்டார்கள், கணக்கும் கேட்க மாட்டார்கள். இதை வாய்விட்டுச் சொன்னால் வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள்.

நல்லவேளையாக ராஜகோபாலனுக்குக் கைராசி இல்லை. பேங்கில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பகலெல்லாம் வீட்டிலிருந்தவர், உதிரியாக வாங்கி நாமே பூட்டினால்தான் தரம் என்று அடம்பிடித்திருந்தார். மெமரி பொருந்தவில்லை என்றதும், மெமரியை விட்டுவிட்டுப் போர்டை மாற்றினார். புதுப் போர்டில் பழைய ப்ராஸஸர் உட்காரவில்லை. ப்ராஸஸரையும் மாற்றியபிறகு, இருந்த மெமரிக்கு வேகம் போதாது என்று வேறொன்று வாங்கி வந்தார். அது உட்கார்ந்தது. ஆனால் திரை கறுப்பாகவே இருக்க, பெட்டி மட்டும் நீளமாக ஊளையிட்டது.

பொறுக்க முடியாமல் பேபியே பஸ் ஏறி வந்துவிட்டாள். அவள் வீட்டுக் கம்ப்யூட்டரின் மெமரியைப் பிடுங்கி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிப் போர்டுதான் என்று விசாரித்துவிட்டே வந்திருந்தாள். பட்டை 'டக்' என்று உட்கார்ந்தது. திரிபுரசுந்தரி மனசுக்குள் ஜன்னலோரத்துக்கு விடைகொடுத்தாள்.

அப்போது ராஜகோபாலன், "அக்கா, புது மெஷின். பொட்டு வைக்காம ஆன் பண்றதா?" என்றார்.

"உனக்கு இப்பவாவது தோணுச்சே," என்று பேபி மகிழ்ந்துபோனாள். மெமரியை வெளியே எடுத்து, அதன் தங்கநிறப் பற்களில் ஒன்றுவிடாமல் ஈரச் சந்தனம் தடவி, குங்குமமும் வைத்து, மறுபடி செருகினாள். பெட்டி முன்னைவிட நீளமாக ஊளையிட்டது.

மெமரியைத் திரும்ப ஊரப்பாக்கம் கொண்டுபோய்ப் போட்டதும், அங்கே இருந்த கம்ப்யூட்டரும் ஊளையிட ஆரம்பித்தது.

மறுநாள் பேபி ஆபீசுக்கே போன் செய்தாள். "சுந்தரி, அவனை நம்பிப் பிரயோஜனமில்ல. சாயந்திரம் நீயே கடைக்குப் போய் சரியானதைக் கேட்டு வாங்கிடு. ராஜினாமாவையும் எழுதி வெச்சுடு."

"சரிங்க அண்ணி," என்றாள். சரி என்று சொல்லியே பழகிய வாய்.

ராஜகோபாலன் வழக்கமாக உதிரிகள் வாங்கும் சம்பத்தின் கடை தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டி இருந்தது. இன்னார் மனைவி என்று சொல்லி, போர்டின் பெயரையும் சொன்னாள். சம்பத் கடையில் வேறு யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சாருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுகினு கீறீங்களா? மொத வாட்டி நான் குடுத்ததே கரெக்டான பீஸு. அடுத்த நாளே எடுத்தாந்து, 'நல்லா ஓடுதுப்பா, ஓடாததா ஒண்ணு குடு'ன்னாரு. அதுலேருந்து வர்றப்பல்லாம் அதேதான்."

அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஏன்னு நீங்க கேட்கலையா?"

"கேட்டேன் மேடம். 'பகல்லயும் அவ வூட்டுலயே இருந்தா நான் எங்கப்பா போறது'ன்னாரு."

முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. ஒவ்வொரு தடவையும் மெமரியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் காட்டிய ஏமாந்த முகம் நினைவுக்கு வந்தது. அதை அவள் நன்றாக அறிவாள். டார்ச்சுக்குப் பின்னால் அவளும் அதையேதான் வைத்திருந்தாள். சிரிப்பு வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சம்பத் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். "இது கரெக்டா உட்காரும். பேக் பண்ணிடட்டுமா மேடம்?"

"வேண்டாம் சம்பத்," என்றாள் திரிபுரசுந்தரி. "சார் வருவார். அவர் கேட்கறதையே குடுங்க."