ஜெர்மன் மலையூரில் குழாய் இருமியது

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு பெண் எவ்வளவு பேசலாம் என்பதற்கு எழுதப்படாத அளவு ஒன்று உண்டு. பெயர், படிப்பு, வேலை, "நல்லா சமைப்பேன்" என்று ஒரு சிறு பொய். அவ்வளவுதான். நான் அந்த அளவைத் தாண்டி ஒரு ஜெர்மன் கிராமத்தின் தல வரலாறு வரைக்கும் போனவள்.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். எதையும் வரிசையாகச் சரிபார்ப்பது என் பிழைப்பு. நாளடைவில் அது குணமாகவே ஆகிவிட்டது (கோயிலுக்குப் போனாலும் சன்னதிகளை மனதுக்குள் டிக் அடித்துக்கொண்டுதான் சுற்றுவேன்). அப்போதுதான் அந்த வரன் வந்தது. மாப்பிள்ளை சதீஷ், காஞ்சிபுரத்துக்காரர். ஜெர்மனியில் இயந்திர வடிவமைப்பு வேலை. நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல், பக்கத்து மலையுச்சியில் ஒரு குட்டி கிராமத்தில் குடியிருந்தார். (ஊரின் பெயரை எழுதவில்லை. பாவம், அது என்ன செய்யும்?)

வேறொரு பெண்ணாக இருந்தால் மாப்பிள்ளையின் புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். நான் ஊரைப் பார்த்தேன்.

வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கைப்பேசி வரைபடத்தைத் திறந்து அந்த ஊருக்குள் நடக்க ஆரம்பிப்பேன். எப்போதோ ஒரு நண்பகலில் கேமரா வண்டி அந்தத் தெருக்களில் போயிருக்கிறது. அதனால் அங்கே எப்போதும் நண்பகல்தான். கருங்கல் பாவிய தெரு. மரச்சட்டங்கள் வெளியே தெரியும் வீடுகள். மதில்மேல் ஒரு பூனை, தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டேயிருக்கும். வாசல் கோபுரத்தைத் தாண்டினால் சின்னச் சதுக்கம், நடுவே ஒரு பெரிய லிண்டன் மரம். அந்த மரத்தடியில் ஊர்ப் பஞ்சாயத்து நடந்ததாம். அதற்கும் மேலே இடிந்த கோட்டை, பாறையைக் குடைந்த ஆழக் கிணறு. பஸ் எங்கள் ஏரிக்கரையில் ஏறும்போது தண்ணீர்மேல் மாலை வெளிச்சம் பரவியிருக்கும். எனக்கு அது அந்த மலையடிவாரத்துப் பனிமூட்டமாகவே தோன்றும். இறங்க வேண்டிய நிறுத்தத்தை இரண்டு தடவை தவறவிட்டிருக்கிறேன்.

அந்த ஊரில் வாழ வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. புகைப்படத்தில் சதீஷும் பரவாயில்லை. அந்தச் சம்பந்தம் கைகூட வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய்கூட நேர்ந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பையனின் அம்மா வந்தார். பையன் வீடியோ அழைப்பில். கைப்பேசியை வெற்றிலைத் தட்டில், வாழைப்பழச் சீப்பின்மேல் சாய்த்து வைத்திருந்தோம். எங்கள் தரப்பில் அம்மாவும், அம்மாவின் தம்பியான மானாம்பதி மாமாவும். அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமன் சொல்தான் சட்டம். மாமா விவசாயி. ஓர் ஊரை அதன் தண்ணீரை வைத்துத்தான் எடை போடுவார். குடத்தோடு அலைகிற ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா அதில் தீவிரவாதி. என் பெரியம்மா மகளுக்கு வந்த வரனை, அந்த ஊர்க் கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வர நேரமானது என்பதற்காகவே தட்டிக் கழித்தவர்.

காபி கொடுத்தேன். பையனின் அம்மா அன்பாகத்தான் கேட்டார்:

"எம்புள்ள கீற ஊரப் பத்தி எதனா தெரியுமாம்மா?"

'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு' என்று அம்மா காலையிலிருந்து பாடம் நடத்தியிருந்தார். நானும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன். என்ன, கொஞ்சம் முழுமையாகச் சொல்லிவிட்டேன்.

முதலில் வாசல் கோபுரம், அடுத்து லிண்டன் மரம், மூன்றாவது தேவாலயம் என்று வரிசையாகப் போனேன். கண்ணை லேசாக மூடிக்கொண்டு சொன்னதாக அம்மா இன்றும் சத்தியம் செய்கிறார். கைப்பேசிக்குள் சதீஷ், "அப்படியா? எனக்கே தெரியாதே" என்றார். அது பாராட்டு என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன்.

"நாலாவது, கழுதைப் பாதை. மேல தண்ணியே கிடையாது. கிணறு வெட்டுற வரைக்கும் கீழ ஆத்துலேர்ந்து கழுதை மேலதான் தண்ணி ஏத்தினாங்க."

மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இரு பாப்பா. தண்ணி கெடையாதா?"

"பழைய காலத்துல மாமா. ஒரு தடவை ஊரே தீப்பிடிச்சு, அணைக்கத் தண்ணியில்லாம பீப்பாய் பீப்பாயா ஒயினை ஊத்தி அணைச்சதா ஒரு கதை இருக்கு."

"சாராயத்தயா?" என்றார் பையனின் அம்மா. மகன் எப்படிப்பட்ட ஊரில் இருக்கிறான் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிகிறது.

கதவோரம் நின்ற அம்மா கையால் வாயைப் பொத்திக் காட்டினார். நான் அதைக் கொட்டாவி என்று நினைத்து ஐந்தாவதுக்குப் போனேன்.

ஐந்தாவதை யாரும் கேட்கவில்லை. மாமா வாழைப்பழச் சீப்பை நோக்கிக் குனிந்தார். "தம்பி, இப்ப இன்னா பண்றீங்க தண்ணிக்கு?"

"கொயா கீது மாமா! நாள் பூரா வரும்." அத்தனை வருட ஜெர்மனியும் பதற்றத்தில் உதிர்ந்து, சதீஷ் சுத்தக் காஞ்சிபுரத்துப் பிள்ளையாகிவிட்டார்.

"தொறந்து காட்டுப்பா."

படம் குலுங்கியது. கூரை தெரிந்தது, நடை தெரிந்தது, சமையலறை தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே, நான் மாதக்கணக்கில் சுற்றிய அந்தத் தெரு! இப்போது அங்கே நண்பகல் இல்லை. சாம்பல் நிறக் காலை. பனி மெல்ல விழுந்துகொண்டிருந்தது. முதல் முறையாக அந்த ஊர் அசைந்தது. "அதோ வாசல் கோபுரம்!" என்று கத்திவிட்டேன்.

வேறு யாரும் கோபுரத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் குழாயைப் பார்த்தார்கள்.

சதீஷ் திறந்தார். குழாய் இருமியது. ஒரு பழுப்புச் சொட்டு விழுந்தது. மறுபடி இருமியது. அப்புறம் அதுவும் இல்லை.

"டேய், காத்துதாண்டா வருது" என்றார் பெற்ற தாயே.

கடுங்குளிரில் தெருக்குழாய் உடைந்து, அன்று காலைதான் தண்ணீரை நிறுத்தியிருந்தார்களாம். அதை விசாரித்துக்கொண்டு சதீஷ் திரும்புவதற்குள் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார். "கலந்து பேசிட்டு சொல்றோம்மா." பையனின் அம்மாவும் எழுந்தார். "நாங்களும் பேசணும். பொண்ணு பாக்க வந்தமா, பரிச்ச எழுத வந்தமான்னே தெரியல."

அன்று இரவே சதீஷ் ஒரு வீடியோ அனுப்பினார். பாத்திரத் தொட்டியில் தண்ணீர் கொட்டுகிறது, பேச்சே இல்லை. மாமாவிடம் காட்டினேன். "இது எந்தூட்டுக் கொயாவோ" என்று முடித்துக்கொண்டார். நான் மட்டும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இருட்டிய ஜன்னலில் கோபுரத்து விளக்கு ஒன்று மங்கலாக எரிந்தது. நல்ல மனிதர்தான், அவரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் போனோமே என்று அப்போதுதான் உறைத்தது. சில மாதங்களில் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணமானது.

எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரு சொல். குழாயில் தண்ணீர் வராத நாளுக்கு "ஜெர்மனி" என்று பெயர். மாமா ஆரம்பித்தார், அம்மா பழக்கினார், பிறகு தெரு முழுக்கப் பரவிவிட்டது. வால்வு திறக்க வருகிற அண்ணன்கூட சைக்கிளை நிறுத்தாமலே, "நாளைக்கு ஜெர்மனி அக்கா, தண்ணி புடிச்சி வெச்சிக்கோங்க!" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

போன வாரம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் அம்மாவிடம் வியப்போடு கேட்டாள்: "இன்னாக்கா, இந்தத் தெருவுல அத்தினி பேரும் ஜெர்மனி ஜெர்மனின்றாங்க. யாருனா அங்க கீறாங்களா?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எம்பொண்ணுதான் போவ வேண்டியது. தண்ணி வரல."