முத்துப்பேச்சி சொன்ன பத்தியம்

ஒரு காட்டில், மிருகங்களெல்லாம் டோக்கன் வாங்கி நிற்கப் பழகிவிட்ட காலத்தில், முத்துப்பேச்சி என்று ஒரு முயல் இருந்தாள். நாட்டு வைத்தியக்காரி. சளியா? இஞ்சிச் சாறும் தேனும். குமட்டலா? உப்புத் தொட்ட இஞ்சித் துண்டு. தலைவலியா? அதே இஞ்சி காய்ந்து சுக்கானதும் உரசிப் பற்று. மொத்தத்தில், அவளுடைய மருந்துக்கடை முழுக்க இஞ்சிதான்.

ஒருநாள் வரிசையை இடித்துக்கொண்டு சிங்கராஜாவின் செயலாளர் நயினார் நரி வந்தது.

"வைத்தியரம்மா, எருமை தின்னதிலேருந்து ராஜாவுக்கு வயிறு மந்தம். தண்ணிகூட இறங்கல. கிளம்புங்க."

வரிசையில் நின்ற முள்ளம்பன்றி அவள் காதைக் கடித்தது. "யம்மா, அவருக்குப் பசிக்கலங்கிறதாலதான் நாங்க இங்க உசுரோட நிக்கிறோம்!"

"நான் போகலைன்னா, பசிக்காமலே என்னைத் தின்பாருடா."

ராஜாவின் குகையில் இஞ்சியைத் தோல் சீவி, இடித்து, சாற்றைத் தெளியவைத்து, அடிவண்டலை விட்டு மேலாக இறுத்து, தேன் கலந்து கொடுத்தாள். ராஜா குடித்தார். ஒரு ஏப்பம் விட்டார். கூரையில் தொங்கிய வௌவால்கள் நாலாப்பக்கமும் பறந்தன.

"அப்பாடா! இப்பப் பசிக்குதே!"

வாசலை அடைத்து உட்கார்ந்திருந்த நயினார் பல்லைக் காட்டியது. "வைத்தியரம்மா பக்கத்துலயே இருக்காங்களே, ராஜா."

ராஜா கையை ஓங்கினார். முத்துப்பேச்சி குரல் ஆடாமல் கேட்டாள்.

"பத்தியம் கேக்காமலா சாப்பிடப் போறீங்க?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. பத்தியம் கேட்காமல் மருந்து சாப்பிட்டால் மருந்தே விஷம் என்று ராஜாவின் அம்மா சொல்லி வளர்த்திருந்தார்.

"சொல்லு."

"இஞ்சி சூடு. அதுமேல சூட்டுக்கறி விழுந்தா குடல் வெந்துடும். முயல் சூடு. மான் சூடு. முள்ளம்பன்றி, கேக்கவே வேணாம்."

"அப்ப எதைத்தான் திங்கிறது?"

"குளிர்ச்சியா ஏதாவது."

"என்ன, வெள்ளரிக்காயா?" என்று சிரித்தது நரி.

முத்துப்பேச்சி அதன் முன்னங்காலைப் பிடித்து, கண்ணை மூடி, நிதானமாக நாடி பார்த்தாள்.

"ராஜா, ஐஸ் மாதிரி இருக்கு."

"ஐயோ, எனக்கு ஜுரம்! கொதிக்குது! தொட்டுப் பாருங்க!"

"குளிர்ஜுரம்," என்றாள்.

நரி எடுத்தது ஓட்டம். மந்தம் தெளிந்த ராஜா பின்னாலேயே பாய்ந்தார். முத்துப்பேச்சி மிச்ச இஞ்சியை முடிந்துகொண்டு, மெதுவாக நடந்து போனாள்.

நீதி: அஜீரணத்துக்கு இஞ்சி நல்லது. வைத்தியரம்மா சொல்லிவிட்டால் நரியும் நல்லது.