நெடுவில்லோன் அப்பாசாமி அடுப்படி எலியொடு பொருத மூன்று நாள்

வில்லெடுத்த அப்பாசாமியின் திண்தோள் வாழ்க. யாங்கோன் மாநகரின் கியாக்டடாப் பகுதியில், பேருந்துகள் மதகளிறெனப் பிளிறும் பெருந்தெருவின் பின்னால், மின்தூக்கி காணாப் பழங்கட்டடத்தின் நான்காம் மாடியில் குடியிருந்து, நாளும் எண்பத்தொரு படி இறங்கி எண்பத்தொரு படி ஏறும் அவனுடைய கால்கள் வாழ்க. ஏறி முடித்ததும் கதவுநிலையைப் பற்றிக்கொண்டு மூச்சுவாங்கும் அந்த நெஞ்சும் வாழ்க. ஐம்பத்து மூன்று அகவையன், கப்பல் சரக்குத் தரகர் ஒருவரின் அலுவலகத்துக் குமாஸ்தா, பிறர் பெட்டிக்குப் பிறர் முத்திரை பெற முப்பது ஆண்டு வரிசையில் நின்ற பொறுமைக்கடல், எலியொன்றின்மேல் படையெடுத்த காதையைச் சொல்லப் புகுந்தோம். அவையோர் வெற்றிலையை ஒதுக்கிவிட்டுக் கேட்பீராக.

வில் அவன் கைக்கு வந்தது க்யிம்யிண்டைங் படகுத்துறையில். மாசி மாதத்து நண்பகல் ஒன்றில், வரவேண்டிய சரக்குப் படகு வராமல், வெயில் வந்து வெகுநேரமாகியிருந்த வேளையில், மேலாற்றிலிருந்து மூங்கில் கொண்டுவரும் படகோட்டி கோ ட்டூ, உமி அடைத்த சாக்கு மூட்டையொன்றை மணல்மேட்டில் சாய்த்துவைத்து அம்பெய்துகொண்டிருந்தான். வில் என்றதும் இக்காலத்தார் சக்கரமும் கப்பியும் குறிக்கண்ணாடியும் பூட்டிய இரும்புப் பொறியை நினைப்பர். இது அதுவன்று. முற்றிய மூங்கிலைப் பிளந்து, தீயில் வாட்டி, சீவிச் சீவி ஆளுயரத்துக்கு இழைத்த ஒற்றைக் கழி; ஒரு நாண்; பிடிக்கும் இடத்தில் ஒரு துணிச்சுற்று; வேறில்லை. குறிபார்க்கக் கண்தான் கருவி. தொலைவை அளக்க உள்ளம்தான் கோல். தவறினால் பழிபோட எய்தவனைத் தவிர எவரும் இல்லை.

"நீங்களும் ஒண்ணு விட்டுப் பாருங்க, ஊ அப்பாசாமி" என்றான் கோ ட்டூ, மூத்தோர்க்குரிய பர்மிய 'ஊ' சேர்த்து.

முதல் அம்பு ஆற்றுக்குப் போயிற்று. இரண்டாவதை நாணில் பூட்டி இழுத்தபோது, தோளில் ஏறிய பாரம் முதுகெலும்பு வழியே இறங்கிக் குதிகாலில் ஊன்றிக்கொண்டது. துறையின் கூச்சல் நின்றது. பெட்டி எண், படிவ எண், மேலாளரின் தொலைபேசி அனைத்தும் கடல்கொண்ட நாடுபோல் மூழ்கின. மூட்டை மட்டும் இருந்தது. விரல் எப்போது விட்டதென்று அவன் அறியான். 'தொப்' என்ற ஓசையை மட்டும் கேட்டான். அத்தகைய அமைதி அவனுக்குத் திருமணத்துக்கு முன் வாய்த்ததில்லை. பின்னர் வாய்க்கும் என்று எவரும் சொன்னதுமில்லை. இருபத்தைந்தாண்டுப் பணிக்காக அலுவலகம் பொன்முலாம் பூசித் தந்த கைக்கடிகாரத்தை அவிழ்த்து, வில்லுக்கும் ஆறு அம்புக்கும் ஈடாக அங்கேயே கோ ட்டூவின் கையில் கட்டிவிட்டான்.

திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் ஒரு காவலர், பழந்துணியில் சுற்றிய அந்த நெடும்பொருளைப் பார்த்து அது என்னவென்று கேட்டார். ஒரு சொல் பிசகினால் ஊரே சிக்கலாகும் காலம் அது. சுங்கத்தில் கல்நெஞ்சரையும் கரைத்த நாவினன், "திரைச்சீலைக் கம்பி" என்றான். காவலர் தம் வீட்டுக்கும் ஒன்று வேண்டுமென்றும், கடை எங்கே என்றும் விசாரித்துக் குறித்துக்கொண்டார்.

இனி அவன் இல்லத்து அரசியைப் பாடுவோம். கமலாட்சி, இட்லி மாவு அரைத்து அந்தத் தெருவின் எட்டு வீட்டுக்கும் இரண்டு கடைக்கும் கொடுப்பவள். மின்சாரத்தை அவ்வூரார் பர்மியச் சொல்லால் 'மீ' என்பர், அந்த மீ போன நாளெல்லாம் ஆட்டுக்கல்லைத் தன் கையால் சுழற்றி ஊரின் காலைப்பசியைக் காத்தவள். அவளுடைய மாவுப் பாத்திரத்தின்மேல் போர்த்திய வெள்ளைத் துணியில்தான், திஞ்சான் என்னும் பர்மியப் புத்தாண்டு நீர்விழா விடுமுறை தொடங்கிய அன்று, ஓர் ஓட்டை காணப்பட்டது. வட்டமான ஓட்டை. ஓரத்தில் பற்குறி.

அக்குறியை இட்டவனையும் அறிமுகம் செய்வது மரபு. பின்சந்துச் சாக்கடையின் முடிசூடா மன்னன், குழாய்வழி நான்கு மாடி ஏறும் பெருமிடுக்கன், பூனைகள் புறங்கொடுத்தோடும் நீள்வாலன், இன்வெர்ட்டர் கம்பியை இருமுறை கடித்து இருமுறையும் உயிரோடிருந்தவன். பிற்பகல் மூன்று மணிக்கு வருவான். அலுவலகம் போல நேரம் தவறான்.

"எலி வாய்வச்ச மாவுன்னு தெரிஞ்சா யாரு வாங்குவா? பசைத் தட்டு ஒண்ணு வாங்கியாங்க. இன்னைக்கே" என்றாள் கமலாட்சி.

அப்பாசாமி எழுந்தான். கட்டிய லுங்கியை இறுக்கினான். அடுப்படி வாயிலில் நின்று, எதிர்மாடிக்கும் கேட்கும் குரலில் வஞ்சினம் கூறினான்: "பசையும் நஞ்சும் கோழைகளின் படைக்கலம். இந்த வில்லால், நேருக்கு நேர், மூன்று நாளில் அவனை வீழ்த்துவேன். வீழ்த்தாவிட்டால் வில் இந்த வீட்டில் இராது."

"கடிகாரமும் திரும்பி வரணும்" என்றாள் அவள், உளுந்தைக் களைந்தபடி.

"வரும்" என்றான். அந்த ஒரு சொல்லில் குரல் சற்றுத் தணிந்தது. ஏனெனில் விளையாட்டாகத் தொடங்கிய வஞ்சினம், வாயிலிருந்து வெளிவந்ததும், தான் எதைப் பணயம் வைத்துவிட்டோம் என்பதை அவனுக்கே உணர்த்திவிட்டது. முப்பது ஆண்டில் அவன் தனக்கென்று கொண்டுவந்த பொருள் அது ஒன்றே.

முதல் நாள். பரணுக்குக் கீழ் அமைந்த அடுப்படியின் உயரம் ஆறடி. வில்லின் உயரமும் ஆறடி. வீரன் நிமிர்ந்து நின்று வில்லைத் தூக்க, அதன் மேல்முனை பரணடிப் பலகையில் மோதி, ஙாப்பி என்னும் மீன்விழுதுச் சாடியைக் கோட்டைமதில் இடிந்ததென வீழ்த்தியது. சாடியின் உள்ளுறை வீரனின் தலைமீது வாகைமாலையெனப் படிந்தது. மணம் மூன்று மாடிக்கு இறங்கிற்று. நீள்வாலன் அன்று வரவில்லை. மணத்தை மோந்து வந்தவர்கள் அண்டை வீட்டார் மட்டுமே.

இரண்டாம் நாள், தோல்வியில் பாடம் கற்ற தளபதியாய், தரையில் ஒரு காலை மடித்து அமர்ந்து, வில்லைப் படுக்கையாகச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தான். கீழே தெருவில் நீர்விழாவின் ஆரவாரம் முரசென முழங்கிற்று. மேலே விசிறி நின்றுபோன அடுப்படியில் அவன் வியர்வை தனியாக ஒரு விழா எடுத்தது. மூன்று மணி. குழாயின் பின்னிருந்து முதலில் மீசை, பிறகு மூக்கு, பிறகு மெய்முழுதும் வெளிப்பட்டது. நாணை இழுத்தான். இங்கேதான் தவறினான். பொறிவில் இழுத்த பாரத்தைச் சக்கரத்தில் ஏற்றிவிட்டு ஓய்ந்திருக்கும், நெடுவில் காத்திராது, இழுத்த கணத்தில் விடவேண்டும், விடாவிட்டால் பாரம் முழுவதும் எய்பவனுடையது. இவனோ இன்னும் துல்லியம், இன்னும் துல்லியம் என்று பிடித்தே இருந்தான். முழங்கை நடுங்கியது, தோள் நடுங்கியது, இறுதியில் அம்பின் நுனி காற்றில் கையெழுத்துப் போட்டது.

"என்னங்க, டீ ஆறுது" என்று கூடத்திலிருந்து கமலாட்சி அழைத்தாள்.

அம்பு அரிசி மூட்டையில் பாய்ந்தது. பிளவின் வழியே அரிசி அருவியாய்ச் சொரிந்தது. நீள்வாலன் சற்றும் கலங்கானாய், அதைப் பகைவன் செலுத்திய திறையென ஏற்று, உட்கார்ந்து உண்டுவிட்டுப் போனான்.

அன்று மாலை அரிசியை முறத்தில் அள்ளியபடி கமலாட்சி கேட்டாள். "அப்படி என்ன இருக்கு இந்தக் கம்புல?"

அவனும் குந்தி, சிதறிய அரிசியைக் கூட்டினான். வஞ்சினம் எதுவும் வரவில்லை. "இழுக்கறப்ப யாரும் என்னைக் கூப்பிடற மாதிரி இருக்காது" என்றான்.

அவள் முறத்தைத் தட்டினாள்.

மூன்றாம் நாள் விடிந்தது. கணக்குப்படி இறுதிநாள். வீரன் குளித்தான், நீறணிந்தான், ஆறு அம்பில் நேரானதைத் தேர்ந்து விரலால் இறகை நீவினான். மூன்று மணிக்கு நீள்வாலன் குழாயை விடுத்து, பின்சந்தைப் பார்த்த சாளரத்தின் கட்டைமேல், மன்னன் உப்பரிகையில் உலவுவதுபோல் தோன்றி, திரும்பி வீரனைப் பார்த்தான். இம்முறை அப்பாசாமி பிடித்திருக்கவில்லை. மூச்சு அடங்கியது, நாண் காதோரம் வந்தது, படகுத்துறையின் அந்த அமைதி, அந்த முழு அமைதி, நான்கு மாடி ஏறி அடுப்படிக்குள் வந்து நின்றது, விரல் தானாக விட்டது. அப்படியோர் எய்தலை அவன் அதற்கு முன் எய்ததில்லை. நீள்வாலன் தலையைத் தாழ்த்தினான். அம்பு சாளரம் கடந்து, பின்சந்து கடந்து, எதிர்வீட்டுச் சாளரச் சட்டத்தில் பாய்ந்து அதிர்ந்தது.

அந்தச் சட்டத்துக்கு அருகே, காய்ந்த துணியை எடுக்க நீட்டிய ஒரு கை இருந்தது. கமலாட்சியிடம் மாவு வாங்கும் நூர் பீவியின் கை. அம்புக்கும் விரலுக்கும் இடையில் நான்கு விரற்கடை.

உவமைகளெல்லாம் ஓடி ஒளிந்தன. கீழே யாரோ தண்ணீர் ஊற்றிச் சிரிக்கும் ஒலி மட்டும் கேட்டது. நூர் பீவி அம்பைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு எதிரே வில்லும் கையுமாய் நின்றவனைப் பார்த்தாள்.

"அப்பாசாமி அண்ணே, இது உங்களுதா?" என்று கேட்டாள்.

எண்பத்தொரு படியை அவன் எப்படி இறங்கினான், அவள் வீட்டு மாடியை எப்படி ஏறினான் என்பதை அவனே பின்னர் சொல்லத் தெரியாதவனானான். கதவைத் திறந்தவளின் முன் கைகூப்பி நின்றான். அவள் நாற்காலியைக் காட்டினாள். அவன் உட்காரவில்லை.

"எலிக்கா?" என்றாள்.

"எலிக்கு."

"எலி இங்கயும்தான் வருது. நான் அதுக்காக உங்க வீட்டு மேல எதையும் எறியல." அவள் கோபமாகச் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பையை நீட்டினாள். "என் கை போயிருந்தா, கமலாட்சி கிட்ட வந்து எந்தக் கையால மாவு வாங்குவேன்?"

"தப்புதான். வில்ல திருப்பிக் குடுத்துடறேன்."

"அது உங்க இஷ்டம். சட்டத்துல ஓட்டை விழுந்திருக்கு, மழைக்கு முன்னாடி வந்து அடைச்சுக் குடுங்க."

சட்டத்தில் ஆழப் புதைந்த அம்பைப் பிடுங்க அவனுக்குக் கால்மணி நேரமாயிற்று. மரத்திலிருந்து அது வெளிவந்தபோது, தன் வாழ்நாளின் தலைசிறந்த எய்தல் அதுதான் என்ற எண்ணம் ஒரு கணம் எழ, அதற்காக அவன் வெட்கினான்.

வீடு திரும்பினால் போர் முடிந்துபோயிருந்தது. கமலாட்சி முதல் நாளே வாங்கி, மூட்டைக்குப் பின்னால் மறைத்திருந்த பசைத் தட்டை, மூன்று மணி பத்துக்கு ஒரு துண்டுக் கருவாட்டோடு குழாயடியில் வைத்தாள். மூன்று மணி பதினேழுக்கு, எதிரி தொலைந்தான் என்று இறுமாந்து திரும்பிய நீள்வாலன் அதில் கால்பதித்தான். சாக்கடைச் சக்கரவர்த்தியின் ஆட்சி ஏழு நிமிடத்தில் கவிழ்ந்தது. மாவுப் பாத்திரத்துக்குப் புதுத்துணி போர்த்தப்பட்டது. வீரன் அந்தத் தட்டைப் பார்த்து நின்றான். வென்றவன் நிலையா, தோற்றவன் நிலையா என்று வகுக்க இலக்கணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வில்லைத் துணியில் சுற்றிக்கொண்டு இருவரும் க்யிம்யிண்டைங் போனார்கள். கடிகாரத்தை மீட்டுவர என்று கமலாட்சி உடன்வந்தாள். அவன் நழுவிவிடக்கூடும் என்பது அவள் கணிப்பு. கோ ட்டூ மறுப்பேதும் சொல்லாமல் கடிகாரத்தை அவிழ்க்கத் தொடங்கினான். அப்பாசாமி வில்லைக் கொடுத்தான். கொடுத்தபின்னும் கை சற்று நேரம் பிடித்த வாக்கிலேயே வளைந்திருந்தது. கமலாட்சி அந்தக் கையைப் பார்த்தாள்.

"இங்க குடுங்க. ஒரு தடவ பாக்கறேன்" என்றாள்.

ஆட்டுக்கல் சுழற்றிய கையல்லவா. வில் அவள் இழுத்த இழுப்புக்குக் கரும்பென வளைந்தது. பிடித்து நிற்கவில்லை, குறி என்று தனியாகப் பார்க்கவும் இல்லை. 'தொப்'. உமி மூட்டை ஒருமுறை அசைந்தது. துறையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எவரையும் பார்க்கவில்லை. கையை நீட்டினாள், அப்பாசாமி அடுத்த அம்பை எடுத்துக் கொடுத்தான். பிறகு அதற்கடுத்ததை. ஆறும் தீர்ந்ததும் அவனே ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தான். பதினொன்றாம் அம்புக்குப் பின் வில்லைத் தாழ்த்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஆமா" என்றாள். "யாரும் கூப்பிடலை."

பிறகு கோ ட்டூவிடம் பர்மியத்தில் பேசினாள்: கடிகாரம் அவனிடமே இருக்கட்டும், வில்லும் இந்தத் துறையிலேயே இருக்கட்டும், வீட்டுக்கு வேண்டாம், ஞாயிறுதோறும் இருவரும் வருவார்கள், மூட்டைக்குப் பின்னால் மணல்மேடு இருக்கிறதா, அதற்குப் பின்னால் ஆள் நடமாட்டம் உண்டா என்று மட்டும் அவன் ஒவ்வொரு முறையும் பார்த்துச் சொல்லவேண்டும். கோ ட்டூ தலையசைத்தான்.

இவ்வாறு, வாகையும் சூடாது வஞ்சினமும் முற்றாது, ஓரம்பால் அயலாளை அஞ்சுவித்து, ஓரெலியை மனையாளின் பசைக்கு இழந்து, வில்லுக்கு உரியவனாய் இருந்தவன் அம்பு பொறுக்குபவனாய்த் தாழ்ந்து, தாழ்ந்ததில் தாழ்வொன்றும் காணாது, மாலைவெயில் ஆற்றைப் பொன்னுருக்காய்ச் செய்த பொழுதில், நெடுவில்லோன் அப்பாசாமி தன் அரசியொடு நகர் மீண்டனன்.

வழியில் சந்தையில் இறங்கி அரை வீசை தக்காளி வாங்கினார்கள்.