அக்காவுக்கு ஒரு வாய்

கிண்ணம் காலியாக இருந்தது. தராசும் அதையே சொன்னது: மசித்த உருளைக்கிழங்கு, அறுபது கிராம், மிச்சமில்லை. அப்படியிருந்தும் ஆறரை மாதக் குழந்தை நேற்று இரவு நான்கு முறை விழித்து வீட்டையே எழுப்பிவிட்டது.

எடைக்காரருக்குக் கணக்கு உதைத்தது. பார்சல் ஆபீஸில் பதினோரு வருடமாக மூட்டைகளை நிறுத்துப் பழகிய மனிதர். வீட்டிலும் ஊட்டுவதற்கு முன்பும் பின்பும் கிண்ணத்தை நிறுத்து நோட்டில் குறித்துக்கொள்வார். தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் அறியாத குழந்தைக்குத் திட உணவு ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

மனைவி பஸ் டிரைவர். பிரசவ விடுப்பு முடிந்து, திங்கட்கிழமை முதல் வண்டியை அவள்தான் எடுக்க வேண்டும்.

"இப்படியே போனா நான் பஸ்ஸை ஓட்ட மாட்டேன், பஸ்தான் என்னை ஓட்டும்," என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண்கள் சிவந்திருந்தன. எடைக்காரருக்கு உள்ளூரப் பயமாக இருந்தது. குழந்தை வயிறு நிறையச் சாப்பிட்டால் தூங்கிவிடும், அந்தப் பொறுப்பு தன்னுடையது என்று வாக்குக் கொடுத்தவர் அவர்தான்.

முதல் நாள் அவரே ஊட்டிப் பார்த்தார். குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டது. "இது அம்மாவுக்கு ஒரு வாய், இது அப்பாவுக்கு ஒரு வாய், இது அக்காவுக்கு ஒரு வாய்" என்று கொஞ்சினார், கெஞ்சினார். கிழங்கு முழுவதும் அவர் சட்டையில்தான் இருந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயது மூத்தவள், தான் ஊட்டுவதாகச் சொல்லி ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் முதுகைத் திருப்பிக் குழாயடியில் சட்டையை அலசி முடிப்பதற்குள் கிண்ணம் காலி. அன்றிலிருந்து ஊட்டுவது அவள் வேலை, பாத்திரம் கழுவுவதும் நிறுப்பதும் அவர் வேலை.

நான்கு முறை விழிக்கிறதா? போதவில்லை என்று அர்த்தம். வாழைப்பழத்தையும் சேர்த்துத் தொண்ணூறு கிராம் ஆக்கினார். குழந்தை ஐந்து முறை விழித்தது.

அப்படியென்றால் வயிறு முட்டி அவதிப்படுகிறது. தூங்கப்போகும் முன் கொடுக்கும் தாய்ப்பாலை நிறுத்திவிடலாம் என்றார். மனைவி தயங்கினாள். அவர் நோட்டைக் காட்டினார். அன்று ஏழு முறை. ஒவ்வொரு முறையும் ஊரே பஞ்சத்தில் கிடப்பதுபோலக் குடித்தது.

இதற்கிடையில் மூத்தவளின் பாவாடை பொத்தான் தெறித்து விழுந்தது. துணி சுருங்கிவிட்டது என்று சோப்பைத் திட்டினார்கள்.

சனிக்கிழமை நான்கு பேரும் கிளினிக்குக்குப் போனார்கள். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு நர்ஸ் குழந்தையை எடை பார்த்தாள்.

"எடை நல்லாத்தான் இருக்கு. ராத்திரி அம்மாகிட்ட குடிச்சே ஈடுகட்டிக்குது. இவ்வளவு சாப்பிட்ட குழந்தை ஏன் அப்படிக் குடிக்குது? யாரு ஊட்டுறது?"

எடைக்காரர் நோட்டை நீட்டினார். நர்ஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெருமையோடு முன்னால் வந்து நின்ற மூத்தவளைத்தான் பார்த்தாள். அம்மாவின் பையில் மசித்த வாழைப்பழ டப்பா இருந்தது. ஊட்டிக் காட்டச் சொன்னார்கள்.

"இது அம்மாவுக்கு ஒரு வாய்," என்று மூத்தவள் ஸ்பூனைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். "இது அப்பாவுக்கு ஒரு வாய்." அதுவும் அங்கேயே போயிற்று. அக்காவின் பங்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நர்ஸ் வேறொரு ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து நீட்டினாள். குழந்தை எம்பிப் பிடித்து, சப்புக்கொட்டி விழுங்கி, மறுபடியும் வாயைத் திறந்தது. தூங்கும் முன் பாலையும் தவறாமல் கொடுக்கச் சொன்னாள் நர்ஸ். மனைவி சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு ராத்திரி இருந்தது.

எடைக்காரர் நோட்டை மெதுவாக மூடினார். "ஏன்டா கண்ணு, பாப்பாவுக்கு ஒரு வாய்கூடக் குடுக்கலையா?"

மூத்தவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதாம்ப்பா ஊட்டினேன். பாப்பாவுக்கு ஒரு வாய்னு நீங்க சொல்லவே இல்லையே."