எள் பிஸ்கட்டும் இருபது வருட அனுபவமும்

அனுபவஸ்தர் என்று ஓர் இனம் உண்டு. ஒரே தொழிலில் இருபது வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர். அதனாலேயே உலகத்திலுள்ள மற்ற தொழிலெல்லாம் தமக்கு அத்துப்படி என்று நம்புகிறவர். கேட்டால்தான் யோசனை சொல்வார் என்றா நினைக்கிறீர்கள்? அவ்வளவு பொறுமை அவருக்கு ஏது?

எங்கள் விஸ்வநத்தத்துப் பாலகுருவையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மனைவி பொன்மணியும் அதே கம்பெனிக்கு வேனில் போய் வருகிறவள். குக்கரில் மணல் பரப்பி, விசிலைக் கழற்றிவிட்டு, வெல்லமும் டால்டாவும் சேர்த்துப் பிசைந்த மாவில் எள்ளைப் புரட்டி அவள் பிஸ்கட் சுட்டால் தெருவே மணக்கும். போன மாசம், 2006 மாசி பிறந்த கையோடு, சாத்தூரில் மகளிர் குழுக் கடை நடத்தும் சொர்ணலட்சுமி ருசி பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். பிடித்துவிட்டால் வாராவாரம் ஆர்டர்; பொன்மணி இனி வேன் ஏற வேண்டாம். அதற்காக அன்று லீவு போட்டாள். பாலகுருவும் போட்டார். அங்கேதான் வினை.

முதலில் அடுப்படியில் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அடுத்து, அவள் வளையலைக் கழற்றச் சொன்னார். உதவிக்கு வந்த பெண்களை, ஒரே அறையில் இத்தனை பேர் கூடாது என்று வாசலுக்கு விரட்டினார். கடைசியாகத் தட்டி வைத்த மாவைத் தொட்டுப் பார்த்தார், முகம் மாறிவிட்டது.

"ஈரத்தோட அடுப்புல ஏத்தலாமா? முதல்ல வெயில்ல காயட்டும்."

"இது என்ன வெடிமருந்தா, மாவுதான. சும்மா விடுங்க."

"இருபது வருசமா பாக்கேன். எனக்கே சொல்லித் தாரியா?"

காய்ந்தது. மூன்று மணி நேரம், மொட்டை வெயிலில், பழைய காலண்டர் தாள்களின் மேல். டால்டா முழுவதும் தாளில் இறங்கி, அடியில் இருந்த முருகனுக்கு அபிஷேகம் நடந்தது. மிஞ்சியதைத்தான் சுட்டாள்.

சொர்ணலட்சுமி ஒன்றை எடுத்துக் கடித்தார். திருப்பிப் பிடித்து மறுபக்கம் கடித்தார். "சொல்லி அனுப்புதோம்மா" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பொன்மணி குக்கர் மணலைக் கொட்டப் போனாள். பாலகுரு ஒரு பிஸ்கட்டைச் சுண்டிப் பார்த்துக் காரணம் கண்டுபிடித்தார்.

"வெயில் பத்தாமப் போச்சு."

மறுநாள் காலை பொன்மணி வேன் ஏறினாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே, 'டால்டாவுக்குப் பதில் வெண்ணெய் போட்டு, மணலுக்குப் பதில் உப்பைப் பரப்பியிருந்தால்...' என்று உங்களுக்குள் ஒரு யோசனை கிளம்பியதா, இல்லையா? நல்லது. நீங்கள் கடைசியாக பிஸ்கட் சுட்டது எப்போது?

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாலகுரு ஊரில் இல்லை; பொன்மணி மறுபடி சுடப் போகிறாள். தயவுசெய்து அந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள்.