பெட்ரோல் மீட்டர் பொய் சொன்ன விவரம்

கிளியூர், ஏற்காடு
10-4-1987

மெட்ராஸில் சகல சௌகரியங்களோடும் குடியிருக்கும் மச்சான் தங்கராஜ் அவர்களுக்கு, ஐயாக்கண்ணு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை ராசம்மாளும் பிள்ளைகளும் மிளகுக் கொடிகளும் நலம். வாடகைக் கார் மட்டும் நலமில்லை. உங்கள் நலத்துக்குச் சேர்வராயன் சாமியை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கவும். உங்கள் மாடிப் போர்ஷன்காரர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது.

சீசனுக்கு வருகிறவர்களை ஏற்றுவதற்காக நான் வைத்திருக்கும் பழைய காரில் பெட்ரோல் மீட்டர் வேலை செய்யாது என்பதும், டிரைவர் மனுவேல் ஒரு குச்சியை டேங்கில் விட்டுப் பார்த்தே அளவு சொல்லுவான் என்பதும் உங்களுக்குத் தெரியும். குச்சி அவனுடையது, பார்க்கிற கண்ணும் அவனுடையது, பெட்ரோல் மட்டும் என்னுடையது என்று யோசித்துப் பார்த்ததில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாரப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து ஒரு மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். முள் வைத்த மீட்டரும், டேங்குக்குள் போடுகிற மிதவையும் வி.பி.பி.யில் வந்தன. பணத்தைக் கட்டினால்தான் பார்சலைத் தொடவிடுவேன் என்றார் போஸ்ட்மேன். உள்ளே செங்கல் இருந்தால் என்ன செய்வது என்று பார்சலை முகர்ந்து பார்த்தேன். செங்கல் வாசனை வரவில்லை, கட்டினேன். மாட்டிக் கொடுத்தவன் மனுவேல்தான். தன்னை வேவு பார்க்க வந்த சாமானைத் தானே சிரித்துக்கொண்டு மாட்டினான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மாட்டிய அன்றைக்கே ஆரம்பித்தது. ஒண்டிக்கடை ஸ்டாண்டில் மேட்டைப் பார்த்து நின்ற காரில் முள் பாதிக்கு மேல் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். சாயங்காலம் மனுவேல் காரைக் கொண்டுவந்து எங்கள் வாசல் சரிவில் மூக்கை இறக்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் போனான். எட்டிப் பார்த்தால் முள் அடியில் படுத்திருக்கிறது. காலையில் அவன் காரை மேட்டு ரோட்டுக்கு ஏற்றியதும் மறுபடி எழுந்து நிற்கிறது. ஆக, சாயங்காலம் எடுத்துக் காலையில் ஊற்றுகிறான். எடுத்தவன் எதற்குத் திருப்பி ஊற்றவேண்டும் என்று ராசம்மாள் கேட்டாள். பயத்தில் ஊற்றுகிறான் என்றேன். "ஏனுங்க, அத்தனை பயப்படறவன் எதுக்குங்க எடுக்கறான்?" என்றாள். அவள் கொஞ்ச நாளாக மனுவேல் பெண்டாட்டி சாந்தாமேரியோடு நெருங்கிப் பழகுவதை அப்போதுதான் கவனித்தேன். டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டேன். முள் அப்படியும் இறங்கியது. அவனிடம் கள்ளச் சாவி இருக்கிறது என்று முடிவு செய்து, ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். மனுவேல் சத்தம் போடவில்லை. "கொட்டற மழையில உங்கம்மாவ சேலம் ஆஸ்பத்திரிக்கு எறக்குனது நானுங்க. அன்னைக்கு என்னைய நம்புனீங்க. இப்ப முள்ளை நம்பறீங்க" என்று சொல்லிக் கார் சாவியை என் கையில் வைத்துவிட்டு நடந்துபோனான்.

ஸ்டாண்டில் இருந்த ஒருவர் காரை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து கார் வாசலில் நிற்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது என்பதை ஊரே அறியும். அப்புறம் ஜீப் ஓட்டுகிற முனியப்பனைக் கூப்பிட்டுக் காரை ரோட்டுக்கு ஏற்றச் சொன்னேன். ஏறியதும் முள்ளும் ஏறிவிட்டது. மனுவேல் கார்ப் பக்கமே வரவில்லை, பூட்டும் பூட்டியபடி இருக்கிறது. அப்படியானால் மீட்டர்தான் பழுது, கம்பெனிக்காரன் என் தலையில் கட்டிவிட்டான் என்று தெரிந்துகொண்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினால், சாமானை அனுப்புங்கள், சோதித்துப் பார்த்துத் தருகிறோம் என்று பதில் வருகிறது. அனுப்பினால் இது எங்கள் சாமானே இல்லை என்பார்கள். ஆகையால் மீட்டரைக் கழற்றி நம்பகமான ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன், அப்படி ஒரு ஆள் கிடைத்தால். நீங்கள் நேரில் போய்ப் பணத்தை வாங்கவேண்டும். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு போங்கள், சர்க்கார் ஆள் என்று பயப்படுவார்கள். மச்சான், பணம் எனக்குப் பெரிதில்லை. குற்றம் கம்பெனி மேல்தான், அவர்களே ஒத்துக்கொண்டு பணம் தந்துவிட்டார்கள் என்று காட்டி மனுவேலை அழைத்து வந்துவிடுவேன். நானாகப் போய்த் தப்பு என்னுடையது என்று அவன் முன்னால் நிற்க முடியாது. அவன் இல்லாமல் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. சேலத்தில் ஒரு மில் முதலாளி அவனைக் காருக்குக் கேட்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லப்போகிறானாம்.

அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம். குழந்தைகள் நன்றாகப் படித்து நோய்நொடியில்லாமல் இருக்க ராசம்மாள் விளக்குப் போடுகிறாள். கவரைப் பிரிக்கும்போது முன்பே யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
ஐயாக்கண்ணு

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் எழுதுகிறேன். தபாலாபீசுக்கு முனியப்பன் என்னை நம் காரிலேயே கூட்டிப்போனான். ஏரிக்கரையில் சமதரையில் நின்றபோது முள் நடுவில் நின்றது. மேட்டில் ஏறியது, இறக்கத்தில் படுத்தது. சாய்த்த குடத்தில் தண்ணீர் ஒரு பக்கம் ஓடுகிற மாதிரி டேங்குக்குள் பெட்ரோல் ஓடியிருக்கிறது, மிதவையும் கூடவே போயிருக்கிறது. மீட்டர் சரி, கம்பெனி சரி, மனுவேல் சரி. காரை நேராக மனுவேல் வீட்டுக்கு விடச் சொல்லி, "தப்பு என்னோடதுதான் மனுவேலு" என்றேன். முடியாது என்று மேலே எழுதியிருப்பதை நீங்களே அடித்துவிடவும். அவன் காருக்குள் எட்டி மீட்டரைப் பார்த்தான். பிறகு, "அந்த முள்ளு இருக்கற வண்டியில நான் உக்கார மாட்டனுங்க" என்றான். சாந்தாமேரியிடம் ஸ்குரூ டிரைவர் வாங்கி நானே கழற்றினேன். பழக்கமில்லாத வேலை, கண்ணாடி உடைந்து முள் வளைந்துவிட்டது. இப்போது அது மெய்யாகவே பழுதான சாமான். ஆகவே மேலே எழுதியபடி கம்பெனிக்குப் போய்ப் பணத்தைக் கேட்கவும். மனுவேல் வண்டியை எடுத்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவதால் வளைவுகளில் எழுத்து கோணிக்கொள்கிறது, மன்னிக்கவும். பெட்ரோல் எவ்வளவு இருக்கும் என்று கேட்க இரண்டு தடவை வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.