ஃபேன் மாநாட்டுக்கு ஃபேனோடு போன கதை

சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்தவன் மன்னார்குடியில் என்ன தொழில் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். நெல் அறுக்கும் மிஷின் வாங்கி வாடகைக்கு விடலாம், தண்ணீர் கேன் போடலாம், ஒன்றுமே தோன்றாவிட்டால் மாடியில் ஒரு ஹால் கட்டிக் காதுகுத்துக்கு விடலாம். ஊர் வாயைத் திறக்காது. பழைய காமிக்ஸ் மட்டும் விற்கக் கூடாது. விற்றால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேறு எங்கும் போக வேண்டாம், என்னைப் பார்த்தால் போதும்.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றின் ஸ்டோரில் வேலை பார்த்துவிட்டு வந்த நான், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை பிடித்து, பழைய காமிக்ஸ் வாங்கி விற்றேன். (என் மாமியார் வெளியே 'புத்தக ஏஜென்சி' என்றுதான் சொல்லிக்கொண்டார். பொய்யில்லை, கௌரவம்.) பழைய பேப்பர் கடைகளில் எடைக்கு வந்து விழும் மூட்டைகளை நான்தான் முதலில் கிளறுவேன். வாங்குகிறவர்கள் எல்லாரும் நம் பக்கத்துப் பிள்ளைகள். வாய்க்கால் மதகில் உட்கார்ந்து காமிக்ஸ் படித்துவிட்டு, அப்புறம் நன்றாகவும் படித்து, துபாய்க்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டவர்கள். 'அண்ணே, தலையில்லாத குதிரைக்காரன் ஒருத்தன் வருவானே, அந்தப் புத்தகம் கிடைக்குமா?' என்று போன் செய்வார்கள். புத்தகத்தின் பேர் தெரியாது, இதழ் நம்பர் தெரியாது, குதிரை மட்டும் ஞாபகம் இருக்கும். நானும் தேடி அனுப்பிவைப்பேன். அதில் இருந்த சந்தோஷம் வேறு எதிலும் எனக்கு இருந்ததில்லை. வருமானமும் வேறு எதிலும் இவ்வளவு குறைவாக இருந்ததில்லை.

என் மனைவி மாலதியின் அண்ணன் நடராஜன் ஒரத்தநாட்டில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். ஃபேன், பல்பு, ஒயர் வியாபாரம். கூடவே பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுவது. எதைப் பற்றிப் பேசினாலும் காயிலில் வந்து முடிப்பார். தங்கை குடும்பம் தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், என் பழைய கம்பெனியிலேயே சொல்லி எனக்கு மறுபடியும் சிங்கப்பூர் பெர்மிட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். நான் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

எனக்குப் போக விருப்பமில்லை. என் மகள் கயல் விவரம் தெரியும்வரை அப்பா என்றால் டெலிபோனுக்குள் குடியிருக்கும் ஆள் என்றே நினைத்திருந்தாள். நான் முதல் தடவை லீவில் வந்தபோது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக் காதில் வைத்து 'அப்பா, வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்க' என்று என்னிடமே புகார் செய்தவள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவன் மறுபடி விமானம் ஏற மாட்டான்.

அந்த நேரத்தில்தான் சென்னையில் பெரிய அளவில் நடக்கும் காமிக்ஸ் ரசிகர்கள் விழாவில் எனக்கு ஒரு ஸ்டால் கிடைத்தது. ஆயிரக்கணக்கில் ரசிகர்கள் வருவார்கள் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாப்பிடும்போது மாலதியிடம், "மெட்ராஸ்ல ஃபேன் கன்வென்ஷன் நடக்குது, ஸ்டால் போடப் போறேன். அதுலயும் ஓடலைன்னா பேசாம பெர்மிட்டை வாங்கிக்கிறேன்" என்று சொன்னேன்.

மாலதி அதை அண்ணனிடம் சொன்னாள். காமிக்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே அண்ணனுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும் என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டு, "அவங்க ஃபேன் மாநாட்டுக்குப் போறாங்கண்ணே" என்றிருக்கிறாள். ஃபேன் விற்கிற மனிதருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? மாப்பிள்ளை திருந்திவிட்டார், ஃபேன் வியாபாரத்துக்கு வருகிறார் என்று மச்சான் பூரித்துப்போனார். புறப்படுகிற அன்று விடியற்காலையில் புதுச் சட்டையும் வேனுமாக வாசலில் வந்து நின்றார். "நானும் வரேன் மாப்ள. ஃபேன்னா எனக்குத் தெரியாததா?" என்றார். ஆகா, கல்லுக்குள் ஈரம், இவரும் சின்ன வயதில் காமிக்ஸ் ரசிகராக இருந்திருக்கிறார் என்று நான் உருகிப்போனேன். வேனின் பின்பக்கம் சாக்குப் போட்டு மூடி எதையோ வைத்திருந்தார். உருகுகிற அவசரத்தில் அது என்ன என்று நான் கேட்கவில்லை, நான் ஏற்றிய பெட்டிகளில் என்ன என்று பூரிக்கிற அவசரத்தில் அவரும் கேட்கவில்லை.

கும்பகோணம் தாண்டியதும் பேச்சு ஆரம்பித்தது.

"எல்லாம் லோக்கல் ஃபேன்தானா, வெளிநாடும் உண்டா?"

"வெளிநாட்டு ஃபேனும் உண்டு மச்சான். ஆனா நம்ம ஊரு பழைய ஃபேன் மாதிரி வராது. நாப்பது வருஷம் ஆனாலும் விடாது."

"அந்தக் காலத்துக் காயில் அப்படி" என்றார் மச்சான், ஆழ்ந்த மரியாதையோடு. "சத்தம் எப்படி?"

"சத்தத்துக்குக் கேக்கணுமா? ஹாலே அதிரும்."

மச்சானின் முகம் சுருங்கியது. சத்தம் போடுகிற ஃபேன் நல்லதில்லையே என்று ஸ்டியரிங்கைப் பார்த்து முணுமுணுத்தார். ஒதுங்கியே வாழ்ந்த மனிதர், கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்து வாசலில் வேனை நிறுத்தியதும் சாக்கு விலகியது. உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு பெடஸ்டல் ஃபேன். கம்பெனிக்காரர்களிடம் காட்டி டீலர்ஷிப் கேட்பதற்காகக் கொண்டுவந்தது, மச்சான் தன் கையால் காயில் கட்டியது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். சுற்றிலும் பிள்ளைகள் முகமூடியும் அட்டைக் கவசமும் கலர் கலரான சடைமுடியுமாகத் திரிந்தார்கள். (கம்பெனி விளம்பரத்துக்கு வேஷம் கட்டியிருக்கிறார்கள் என்று மச்சான் எடுத்துக்கொண்டாராம்.) வாசலில் இருந்த பெண் எல்லாரையும் கேட்பதுபோல அவரிடமும், "நீங்க யாரோட ஃபேன் சார்?" என்று கேட்டாள்.

"என்னோட ஃபேன்தாம்மா" என்றார் மச்சான்.

அவள் சிரித்துக்கொண்டே எங்கள் இரண்டு பேர் கையிலும் காகிதப் பட்டை ஒட்டினாள். ஃபேனின் கழுத்திலும் ஒன்று ஒட்டி உள்ளே விட்டாள்.

உள்ளே போய் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த மச்சான், என் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டார். "மாப்ள, இது காத்து வர்ற ஃபேன் இல்லியா?"

"இல்ல மச்சான். ரசிகர்."

அவர் ஒரு காமிக்ஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கும்பகோணத்திலிருந்து வந்த பேச்சு முழுவதையும் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

விழாவும் என்னைக் காப்பாற்றவில்லை. நடு ஹால் முழுக்கச் செல்போன் கம்பெனியும் பனியன் கடையும் பிடித்துக்கொண்டிருந்தன. மேடையில் டி.வி. நடிகர் ஒருவரோடு படம் எடுக்க வரிசை நின்றது. காமிக்ஸ் விற்கிற எங்களுக்கு ஒதுக்கியிருந்தது கடைசி மூலை, கழிப்பறை வாசல். பக்கத்து ஸ்டாலில் ஈரோட்டிலிருந்து வந்த சண்முகம் என்ற பழைய காமிக்ஸ் வியாபாரி இருந்தார். தொடர்ந்து மூன்று வருடமாக வருகிறவர். முதல் வருடம் ஜனங்கள் புத்தகம் கேட்டார்களாம், அடுத்த வருடம் புத்தகத்தைக் கையில் பிடித்து போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டார்களாம், இந்த வருடம் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்களாம். பதில் சொல்லி அலுத்துப்போய் அம்புக்குறி போட்ட அட்டை ஒன்றை எழுதிச் சாய்த்து வைத்திருந்தார். "இத்தோட கும்பிடு போட்டுட்டேங்க" என்றார்.

தஞ்சாவூரில் காமிக்ஸ் பைத்தியங்கள் நாங்கள் இருபது பேர் அவ்வப்போது கூடுவோம். ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, புத்தகத்தைப் பரப்பி, விலை பேசுகிற சாக்கில் கதை பேசுவோம். அதைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் பத்து மடங்கு சந்தோஷம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவன் நான். மத்தியானம்வரை ஒரு புத்தகம்கூட நகரவில்லை. சிங்கப்பூர் விமானத்தின் சத்தம் என் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

ஏ.சி. எங்கள் மூலைவரை எட்டவில்லை. நான் வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மச்சான், கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு (நல்ல மனிதர், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்) எழுந்து போய் ஒரு பிளக் பாயிண்டைக் கண்டுபிடித்தார். ஃபேனை ஒன்றாம் நம்பரில் வைத்தார். அவ்வளவுதான். அட்டைக் கவசத்துக்குள் வெந்துகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் எங்கள் ஸ்டாலை மொய்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு முதல் முறையாகக் கூட்டம். இதுதான் சமயம் என்று நான் பிளாஸ்டிக் கவர்களிலிருந்து என் பொக்கிஷங்களை உருவி மேஜை நிறையப் பரப்பினேன். தொட்டால் உதிர்கிற வயதுப் புத்தகங்கள். தாள்களைச் சேர்த்துப் பிடித்திருந்த ஊசி துருப்பிடித்து எப்போதோ விழுந்திருந்தது.

பின்னால் நிற்கிறவர்களுக்கும் காற்று போகட்டுமே என்று மச்சான் மூன்றாம் நம்பரை அழுத்தினார்.

அந்த ஃபேன் வீட்டு ஃபேன் இல்லை. களத்தில் நெல் தூற்றுவதற்கென்று தனியாகக் காயில் கட்டியது. நெல் நேராகக் கீழே விழும், பதர் பத்தடி தள்ளிப் பறக்கும். அன்றைக்கு என் சரக்கு முழுவதும் பதர் என்பது இரண்டே விநாடியில் தெரிந்துபோனது. குதிரைக்காரன் ஒரு பக்கம், குதிரை ஒரு பக்கம், துப்பறிவாளர் கழிப்பறைக்குள். ஹால் முழுக்கத் தாள் பறந்தது. மேடையிலிருந்தவர் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து மைக்கில் கைதட்டச் சொன்னார். ஜனங்களும் தட்டினார்கள்.

வேஷம் கட்டிய பிள்ளைகள்தான் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். ஒரு பையன் தன் சிவப்பு அங்கியைத் தரையில் விரித்து, அதில் தாள்களைச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தான். மச்சான் பதற்றத்தில் சுவிட்சைத் தேடாமல் பிளக்கையே பிடுங்கிவிட்டு, மண்டிபோட்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்தார். அவர் புதுச் சட்டை முழுக்க அழுக்கு. "உங்க பொழைப்பைக் கெடுத்துட்டேன் மாப்ள" என்றார். எனக்கு அழுகை வந்தது, புத்தகத்துக்காக இல்லை, அவருக்காக.

மிச்சப் பொழுது முழுவதும் சண்முகமும் நாங்களும் தரையில் உட்கார்ந்து தாள்களை அடுக்கினோம். பக்க எண் பல இடங்களில் உதிர்ந்துவிட்டதால், படத்தைப் பார்த்து, வசனத்தைப் படித்து, எதற்குப் பின் எது என்று ஊகித்துத்தான் சேர்க்க முடியும். மச்சானிடம் 'உப்புத் தீவு மர்மம்' போயிருந்தது. புயலில் சிக்கிய மாலுமி ஒருவன் ஆளில்லாத தீவில் மாட்டிக்கொள்ளும் கதை. நாங்கள் ஆளுக்கு ஏழெட்டுப் புத்தகம் முடித்தபோதும் அவர் அந்த ஒன்றிலேயே இருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. டீ வந்தபோது, வைத்துவிட்டுப் போகச் சொல்லிக் கையாட்டினார்.

ஒரு புத்தகம்கூட விற்காமல் திரும்பினோம். செங்கல்பட்டு தாண்டியது. ஊருக்குப் போனதும் பெர்மிட்டுக்குச் சரி சொல்லிவிட வேண்டும், கயலிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மச்சான் தொண்டையைச் செருமினார்.

"அந்த ஆளு வீட்டுக்குப் போயிச் சேந்தானா இல்லியா?"

"யாரு மச்சான்?"

"அதான், தீவுல மாட்டுனவன். கப்பல் தெரியுது, கையை ஆட்டுறான், 'தொடரும்'னு போட்டுட்டானே."

ரெண்டாம் பாகம் வரவேயில்லை, அதற்குள் அந்தப் பதிப்பகத்தையே மூடிவிட்டார்கள் என்று சொன்னேன். மச்சானுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. பொண்டாட்டி பிள்ளை உள்ளவனை நடுக்கடலில் விட்டுவிட்டுக் கடையை மூடுவது என்ன நியாயம் என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். விக்கிரவாண்டியில் டீக்கு நிறுத்தியபோதும் ஆறவில்லை. கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே, அதை எழுதியாவது வைத்திருப்பார்கள், அது எவனிடமாவது இருக்கும் என்றார். இத்தனை வருடம் வராதது இனிமேலா வரப்போகிறது என்றேன்.

"தேடுனாத்தானே வரும்" என்றார் மச்சான். "சிங்கப்பூர்ல போயி ஸ்டோர்ல உக்காந்துகிட்டு எப்படித் தேடுவீங்க? அந்த வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன்."

நான் டீயைக் குடிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிளாஸ் காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு எந்தப் பெரிய விழாவுக்கும் நானோ சண்முகமோ போகவில்லை. தஞ்சாவூர் ஜமுக்காளமே போதும் என்றாகிவிட்டது. என் கடையின் நஷ்டத்தை ஈடுகட்ட மச்சான் கடைக் கணக்கையும் நானே பார்க்கிறேன். தஞ்சாவூர்க் கூட்டத்துக்கு அவரும் தவறாமல் வருகிறார். வந்து, இருபது பேரிடமும் தனித்தனியாக அந்த மாலுமியைப் பற்றி விசாரிக்கிறார். ரெண்டாம் பாகம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

வருஷங்கள் ஓடிப்போய், கயலைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சம்பிரதாயமாக, "பொண்ணோட அப்பா இப்ப என்ன பண்றாங்க?" என்று கேட்டார். நானும் மாலதியும் எப்படிச் சொல்வது என்று விழிப்பதற்குள் மச்சான் பெருமையாக முந்திக்கொண்டார்.

"அவரு ரெண்டாவது தேடிக்கிட்டு இருக்காரு."

வந்திருந்தவர்கள் கையில் காபி அப்படியே நின்றது. உள்ளேயிருந்து கயல் சிரிக்கிற சத்தம்தான் முதலில் கேட்டது. விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஒரு சட்டை நனைந்துபோனது. நல்லவேளை, கல்யாணம் நடந்தது. ஆனால் எங்கள் சம்பந்தியம்மா இன்றைக்கும் எந்த விசேஷத்தில் பார்த்தாலும் மாலதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் தேடறாரா?" என்று கேட்கிறார்.

"தேடட்டும் சம்பந்தி" என்கிறாள் மாலதி. "வீட்டோட இருந்துகிட்டுத்தானே தேடறாரு."